"அப்பா என்ன செய்றார்?" பாங்கி இண்டர்வியூவில் பட்டதாரிகளைத் திணற வைக்கும் கேள்வி

லட்சக்கணக்கான பேர் எழுதுகிற பரீட்சை. பிரிலிமினரி தாண்டியாச்சு. மெயினும் தாண்டியாச்சு. பாங்கி ஆபீசர் உத்தியோகத்துக்கும் வாலிபருக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கதவு.

கதவுக்கு அந்தப் பக்கம் 4, 5 அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு காலி நாற்காலி. மொத்தம் 15 நிமிஷம். மிஞ்சினால் 20 நிமிஷம்.

ரெப்போ வட்டி, பட்ஜெட், பணவீக்கம் என்று தலையணை தலையணையாகப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் வருவதோ சர்வ சாதாரணமான கேள்வி.

"உங்க அப்பா என்ன செய்றார்?"

"பிசினஸ், சார்."

"என்ன பிசினஸ்?"

வாலிபர் எச்சில் விழுங்குகிறார். "ஸ்மால் பிசினஸ், சார்..."

அப்பா வைத்திருப்பது பட்டாளத்தில் மளிகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். 25 வருஷமாக அந்தக் கடைதான் குடும்பத்துக்கே சோறு போட்டது. காலேஜ் பீஸ் கட்டியது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டியது. அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை!

இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். மார்க் போவது இங்கிலீஷால் அல்ல; சொந்தக் கதையைச் சொல்லத் தெரியாததால்.

20 நிமிஷத்தின் விலை

இண்டர்வியூ இல்லாமலே கிடைக்கிற உத்தியோகங்கள் இப்போது நிறைய உண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளுக்கும், கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவு வேலைகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இண்டர்வியூ கிடையாது. தமிழ்நாட்டில் குரூப்-4 வேலைக்கும் கிடையாது. பாங்கி கிளார்க் வேலைக்கும் எழுத்துத் தேர்வோடு சரி. உள்ளூர் மொழி தெரியுமா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இண்டர்வியூ இன்னும் இருக்கிற இடங்களில் அதற்கு மவுசு அதிகம். கலெக்டர் வேலைக்கான யு.பி.எஸ்.சி. தேர்வில் மொத்தம் 2,025 மார்க். அதில் இண்டர்வியூவுக்கு மட்டும் 275.

பாங்கி ஆபீசர் கணக்கு வேறு மாதிரி. பொதுத்துறை பாங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்துகிற தேர்வில் இண்டர்வியூவுக்கு 100 மார்க். இறுதிக் கணக்குப் போடும்போது மெயின் தேர்வுக்கு 80 பங்கு, இண்டர்வியூவுக்கு 20 பங்கு. "20-தானே" என்று அலட்சியம் செய்கிறவர்கள் கொஞ்சம் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் இண்டர்வியூவில் 50 மார்க் வாங்குகிறார். இன்னொருவர் 70. இறுதிக் கணக்கில் முதலாமவருக்கு 10, இரண்டாமவருக்கு 14. வித்தியாசம் 4. இந்த 4 மார்க்கை மெயின் தேர்வில் ஈடுகட்ட வேண்டுமானால் அதில் நூற்றுக்கு 5 மார்க் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். பரீட்சை எழுதியவர்களுக்குத்தான் தெரியும், அந்த 5 மார்க்குக்கு எத்தனை ராத்திரி கண் விழிக்க வேண்டும் என்று.

இது போதாது என்று இன்னொரு கண்டமும் உண்டு. இண்டர்வியூவில் குறைந்தபட்சம் 40 மார்க் எடுத்தே ஆகவேண்டும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. அதற்குக் கீழே போனால் மெயினில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஆள் வெளியே!

கேள்வித்தாளை எழுதியது யார்?

மேஜையில் அதிகாரிகள் கையில் இருப்பது புத்தகம் அல்ல. வாலிபரே எழுதிக் கொடுத்த பயோடேட்டா.

பெயர், ஊர், அப்பா தொழில், படித்த படிப்பு, எந்த வருஷம் முடித்தார், நடுவில் என்ன செய்தார், பொழுதுபோக்கு. கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தாளில் இருந்துதான் முளைக்கும். ஒரு வகையில் பார்த்தால் கேள்வித்தாளைத் தயாரித்ததே பரீட்சை எழுத வந்தவர்தான்!

ஆனால் அந்தத் தாளை வீட்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்து படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"பொழுதுபோக்கு: புத்தகம் படிப்பது" என்று எழுதுவது பேஷன். "கடைசியா என்ன புஸ்தகம் படிச்சீங்க?" என்று கேட்டால் விழி பிதுங்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடப் புத்தகத்தின் பெயரைத் தவிர வேறு வரவில்லை. அதற்கு "தெருப் பையன்களோட கேரம் ஆடுவேன்" என்று உண்மையை எழுதியிருந்தால் கவலையே இல்லை. கேரம் போர்டைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் வந்திருக்கும்.

அண்ணாச்சி கடையே பாங்கிதான்

மறுபடியும் அந்த மளிகைக்கடைப் பையனிடம் வருவோம். அவன் மறைக்கப் பார்த்த கடையில்தான் அவனுடைய மார்க் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

கடையில் கடன் நோட்டு இருக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அண்ணாச்சி ஆளைப் பார்த்தே முடிவு செய்கிறார். எந்தத் தெரு, எந்த வீடு, எங்கே வேலை, சம்பளம் எந்தத் தேதி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாங்கியில் இதற்குத்தான் கே.ஒய்.சி. என்று பெயர் வைத்து பாரம் பாரமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

மூணு மாசமாக ஒருவர் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. "அந்தக் காசு இனி வராதுலே" என்று அண்ணாச்சி முடிவு கட்டுகிறார். பாங்கியிலும் அதே கதைதான். 90 நாளுக்கு மேல் தவணையோ வட்டியோ பாக்கி நின்றால் அது வாராக்கடன்.

கடைச் சரக்கின் பேரில் பாங்கியில் கடன் வாங்கலாம். சரக்கு கடையிலேயே இருக்கும்; விற்கலாம், வாங்கலாம்; ஆனால் அதன் மேல் பாங்கிக்கு உரிமை உண்டு. இதுதான் ஹைப்பாத்திகேஷன். வீட்டு அம்மாவின் வளையலை வைத்துக் கடன் வாங்கினால் வளையல் பாங்கிக்குள் போய்விடும். இது பிளெட்ஜ். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் குழப்பி எழுதியிருக்கிற சமாச்சாரம். அண்ணாச்சி வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது!

தண்டல் கணக்கு தெரியுமா?

சென்னை கடைக்காரர்களுக்கு தண்டல் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

பேச்சுக்கு 10 ஆயிரம் ரூபாய் கடன். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் 9 ஆயிரம் தருவார் தண்டல்காரர். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"ஆயிரம் ரூபாதானே வட்டி, 10 பர்சென்ட்தானே" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். வாங்கிய 9 ஆயிரம் 100 நாளும் கையில் நிற்கவில்லை. தினம் தினம் கரைந்துகொண்டே போகிறது. சராசரி பார்த்தால் கையில் நின்ற பணம் சுமார் நாலரை ஆயிரம். அதற்கு 100 நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. இதையே வருஷக் கணக்குக்குக் கொண்டுவந்தால் 75 சதவீதத்துக்கும் மேலே போகிறது. அடேங்கப்பா!

இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுகிற பையனை எந்த அதிகாரி விடுவார்? அடுத்த கேள்வி தானாக வரும்.

"பாங்கியிலே முத்ரா கடன் இருக்கே. அப்புறம் ஏன் உங்க அப்பா தண்டல் வாங்குறார்?"

முத்ரா திட்டம் 2015-ல் வந்தது. முதல் படி 'சிசு'. 50 ஆயிரம் ரூபாய் வரை. அடுத்தது 'கிஷோர்', 5 லட்சம் வரை. அதற்கு மேல் 'தருண்', 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரலாம் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது விதி. இந்த அளவு எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் "ஏன் தண்டல்?" என்பதற்கு எந்த கைடிலும் பதில் இல்லை. கடைக்காரர் மகனிடம்தான் இருக்கிறது. பாங்கிக்குப் போனால் கடையை யார் பார்ப்பது? நாலு தடவை நடந்தால் நாலு நாள் வியாபாரம் போச்சு. தண்டல்காரர் கடை வாசலுக்கே வருகிறார். பாரம் கேட்பதில்லை. இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கே பணம். வட்டி கொள்ளைதான், ஆனால் நேரம் மிச்சம்.

கந்துவட்டியைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அப்படியும் தண்டல் ஏன் போகவில்லை என்று புரிந்தவன்தான் பாங்கிக்கு உபயோகமான ஆபீசர். இப்படி ஒரு பதிலைக் கேட்டால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"எங்க அப்பா அண்ணாச்சி கடை வச்சிருக்கார், சார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் கல்லாவிலே உக்காருவேன்." இந்த இரண்டு வரியை இங்கிலீஷில் சொல்ல என்ன பெரிய படிப்பு வேண்டும்?

மளிகைக்கடைக்கு மட்டும் அல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர் மகனுக்கு வண்டிக் கடனும் மாதத் தவணையும் தெரியும். விவசாயி மகளுக்குப் பயிர்க் கடனும் நகைக் கடனும் தெரியும். தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்காக வந்த 'ஸ்வநிதி' கடன் தெரியும். குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்கு பி.எப்., பென்ஷன், சொசைட்டி கடன் எல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. எந்த வீட்டிலும் பாங்கிப் பாடம் இல்லாமல் இல்லை.

ஊர் எது?

அடுத்து வருவது ஊர்க் கேள்வி. அல்வா, பூட்டு, பட்டாசு என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்ப்பார்கள். கேட்பவர்கள் பாங்கிக்காரர்கள். அவர்கள் ஊரைப் பார்க்கிற பார்வை வேறு.

தூத்துக்குடி என்றால் அது தமிழ்நாடு மெர்கண்டைல் பாங்கி பிறந்த ஊர். 1921-ல் நாடார் பாங்கி என்ற பெயரில் தொடங்கியது. கும்பகோணம் என்றால் சிட்டி யூனியன் பாங்கி, 1904. கரூர் என்றால் கரூர் வைசியா பாங்கி, 1916. அதே கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பாங்கி நொடித்துப் போய் 2020 நவம்பரில் டி.பி.எஸ். பாங்கியோடு சேர்க்கப்பட்டது.

"பாங்கி மூழ்கினால் பணம் போட்டவருக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்பும். ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு இது வெறும் ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

சென்னைப் பையன் "என் ஊர்லே என்ன சார் இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. 1906-ல் இங்கே ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலானது. பணம் போட்டிருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. "நமக்கு என்று ஒரு பாங்கி வேண்டும்" என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் கிளம்பியதில் பிறந்ததுதான் இந்தியன் பாங்கி. 1907 ஆகஸ்டு 15-ந் தேதி வியாபாரம் ஆரம்பித்தது. 1937-ல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்.

அண்ணா சாலை வழியாக தினம் பஸ்சில் போகிறவர்கள் அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

என்ஜினீயருக்கு பாங்கியில் என்ன வேலை?

இது இன்னொரு பொறி. பி.இ. படித்துவிட்டு பாங்கிக்கு வருகிறவர்கள் ஏராளம். "ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்காத அதிகாரி இல்லை.

"நாட்டுக்குச் சேவை செய்ய" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் சொல்லிக் கொடுத்த பதில். காலையில் இருந்து அதையே கேட்டுக் கேட்டு அதிகாரிகளுக்குக் காது புளித்துப் போயிருக்கும்.

உண்மை என்ன? நிரந்தர வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், வீட்டுக்கு ஒரு மரியாதை. இதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான். "இன்னிக்கு பாங்கியே கம்ப்யூட்டர்லதான் ஓடுது சார், யு.பி.ஐ.யில் பணம் போய்ச் சேரலேன்னா ஏன்னு எனக்குப் புரியும்" என்று சொன்னால் படித்த படிப்புக்கும் கணக்கு சரியாகிவிடும். அதே மூச்சில் யு.பி.ஐ. எந்த வருஷம் வந்தது என்று கேட்பார்கள். 2016.

"2 வருஷம் சும்மா இருந்திருக்கீங்களே?" என்ற கேள்விக்கு நடுங்குகிறவர்கள் உண்டு. சும்மா யாரும் இருக்கவில்லை. பரீட்சை எழுதித் தோற்றிருப்பார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருப்பார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே சொல்ல வேண்டியதுதான். இல்லாத கம்பெனியில் வேலை பார்த்ததாகக் கதை விட்டால் அடுத்த மூன்று கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

பெண்களிடம் தவறாமல் கேட்பது, "வெளிமாநிலம் போட்டா போவீங்களா?" ஆபீசர் என்றால் இந்தியாவில் எந்த மூலைக்கும் போக வேண்டி வரும். பீகாரும் வரும், குஜராத்தும் வரும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே உட்கார்ந்துகொண்டு "அப்பாவைக் கேக்கணும்" என்றால் மார்க் விழாது. ஆண்களுக்கும் இதுவேதான்.

தெரியாத கேள்வி வந்தால்? "தெரியவில்லை, சார்" என்று சொல்லிவிட வேண்டும். அரைகுறையாக அடித்து விடுகிறவரை அதிகாரிகள் விடுவதில்லை. எதிரே இருப்பவர்கள் 30 வருஷம் கவுண்டரில் கஸ்டமர்களின் பொய்யைக் கேட்டுப் பழகியவர்கள்!

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இதுதான் பெரிய பூதம். பாங்கி ஆபீசர் இண்டர்வியூவில் தமிழில் பேசிச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போக முடியாது. இங்கிலீஷில் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பேச வேண்டிய இங்கிலீஷ் எவ்வளவு? சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். நடுவில் இலக்கணம் கொஞ்சம் இடறினால் யாரும் கழுத்தை அறுக்கப் போவதில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் ஆபத்து. நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்த ரயிலும் தடம் புரண்டுவிடும்.

அதற்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி 10 மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிய பிறகு அப்பாவையே எதிரே உட்கார வைக்கலாம்.

"ஏலே, ஒன்னய எதுக்குலே நாங்க வேலைக்கு எடுக்கணும்?" என்று அண்ணாச்சி கேட்பார். முதலில் தமிழில் பதில். அப்பாவுக்கே புரியாத பதில் என்றால் அதிகாரிக்கும் புரியாது, திருத்த வேண்டும். தமிழில் நேராக வந்த பிறகு அதையே இங்கிலீஷில். செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேட்டால் எத்தனை 'ஆக்சுவலி', எத்தனை 'பேசிக்கலி' என்று தெரிந்துவிடும். வெட்கமாகத்தான் இருக்கும். 10 நாளில் சரியாகிவிடும்.

காசு கொடுத்து மாதிரி இண்டர்வியூவுக்குப் போக வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் இலவசமாக நடக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் போட்டித் தேர்வுப் பயிற்சி உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் இருக்கிறது. வாசலில் டீ குடிக்கிற நேரத்தில் இதே இண்டர்வியூவுக்குப் படிக்கிற நாலு பேர் கிடைப்பார்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டால் அதுவே மாதிரி இண்டர்வியூ.

இனிஷியல் செய்கிற வம்பு

இண்டர்வியூ அறைக்கு முன்னால் இன்னொரு மேஜை இருக்கிறது. சர்டிபிகேட் சரிபார்க்கிற மேஜை. அங்கே திரும்பி வந்தவர்கள் கதைதான் கண்ணீர்க் கதை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு வம்பு, இனிஷியல். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் ஒரு எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். மூன்று அட்டையில் மூன்று மனிதர்! விண்ணப்பம் போடும்போதே பெயரை ஒன்றுபோல ஆக்கிக்கொள்ள வேண்டும். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் அரசிதழ் நகலோடு போக வேண்டும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் பாங்கி வேலைக்கு எடுபடாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். 'கிரீமி லேயர்' அல்ல என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதிக் கணக்குக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இண்டர்வியூ கடிதம் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் தாசில்தார் ஆபீஸ் கையெழுத்து அன்றைக்கே வந்துவிடாது. மெயின் எழுதி முடித்த வாரமே விண்ணப்பித்துவிடுகிறவர் புத்திசாலி.

ஏற்கனவே அரசு வேலையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ இருப்பவர் ஆபீசில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மேலதிகாரி லீவில் போய்விட்டால் அவ்வளவுதான்.

சட்டை விஷயம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெளிர் நிறச் சட்டை, கருநிற பேண்ட், கட்டின ஷூ. பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ, எது பழக்கமோ அது. தி.நகரில் முந்தின நாள் வாங்கிய ஷூவை அன்றைக்கே முதல் தடவை மாட்டிக்கொண்டு போகக்கூடாது. கடிக்கும். காத்திருப்பு ரெண்டு மணி நேரமும் ஆகலாம், மத்தியானத்தைத் தாண்டியும் ஆகலாம். வெறும் வயிற்றோடு போனால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரிஜினலைக் கொடுக்காதே!

பாங்கி இல்லை, கிண்டி, அம்பத்தூர், ஒரகடம், பழைய மகாபலிபுரம் சாலை என்று கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கும் பயோடேட்டா விஷயம் அப்படியே பொருந்தும். எழுதியதைப் பற்றித்தான் கேட்பார்கள். கூடுதலாக ஒன்று: "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" என்பதற்கு "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்கிறார்கள். அதற்குப் பெயர் பணிவு அல்ல, பயம். அதே வேலைக்கு அக்கம்பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு தொகையைச் சொல்லலாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக்கூடாது. "இங்கேயே இருக்கட்டும், வேலையை விடும்போது தர்றோம்" என்று எந்தக் கம்பெனி கேட்டாலும் யோசிக்க வேண்டும்.

போன் வரும், உஷார்!

இண்டர்வியூ முடிந்து ரிசல்ட் வருகிற வரைக்கும் உள்ள நாட்கள்தான் மோசடிக்காரர்களின் அறுவடைக் காலம்.

"உங்க பையன் மெயின்லே நல்லா பண்ணியிருக்கான். இண்டர்வியூலே கொஞ்சம் கம்மி. மேலே நம்ம ஆள் இருக்கார். 5 லட்சம் ஏற்பாடு பண்ணினா முடிச்சிடலாம். வேலை கிடைக்கலேன்னா பணம் வாபஸ்." இப்படிப் பேசுவார்கள். பையன் பெயர், பதிவு எண், இண்டர்வியூ நடந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அண்ணாச்சி நம்பிவிடுவார். கடையை அடமானம் வைக்கக்கூடத் தயாராகிவிடுவார்.

இதில் உள்ள தந்திரம் ரொம்ப எளிது. ஒரு ஆசாமி 10 பேரிடம் பணம் வாங்குகிறான். யாருக்காகவும் அவன் எதுவும் செய்வதில்லை. 10 பேரில் 2, 3 பேருக்கு அவர்களுடைய சொந்த மார்க்கிலேயே வேலை கிடைத்துவிடும். "பார்த்தீங்களா, முடிச்சுக் குடுத்தேன்" என்று அந்தப் பணத்தை எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் கேட்டால் இன்று, நாளை என்று இழுத்தடிப்பான். நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றிரண்டு பேருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பான். வேலை கிடைத்த பையனோ, தன் திறமையில் வந்த உத்தியோகத்தை அப்பா காசு கொடுத்து வாங்கியதாகக் காலம் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பான்.

ரிசல்ட் ஐ.பி.பி.எஸ். இணையதளத்தில்தான் வரும். மெயின் மார்க், இண்டர்வியூ மார்க் இரண்டையும் அங்கேயே பார்க்கலாம். இண்டர்வியூவுக்கோ, வேலை உத்தரவுக்கோ யாரும் பணம் கேட்பதில்லை. அப்படி எவனாவது பேசினால் நம்பரைக் குறித்துக்கொண்டு போலீசில் சொல்லலாம். சென்னையில் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவு இருக்கிறது. போனிலோ, யு.பி.ஐ.யிலோ பணம் அனுப்பிவிட்டவர்கள் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் இன்னொரு கணக்குக்குக் கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்தி வைக்க முடியும்.